மேட்டின் தலையில் எழுதிய சொல்

மேடு எது, பள்ளம் எது என்று கண்ணால் பார்த்துத் தெரியாதவனுக்கு எழுதிக் காட்டினால் மட்டும் விளங்கிவிடுமா? காரைக்குடியில் ஆறு வருடம் நான் பார்த்த உத்தியோகம் இதுதான். கம்ப்யூட்டர் திரையில் ஒரு கோடு ஏறி இறங்கும். ஏறின இடத்தில் ஒரு சொல், இறங்கின இடத்தில் ஒரு சொல் எழுத வேண்டும். இதற்கு ஒரு ஆபீஸ், ஒரு ஏசி, சுவரில் கண்ணாடி போட்ட சான்றிதழ் நாலு, அப்புறம் நான். என்ன வேலை என்று சொந்தக்காரர்கள் கேட்டால் 'டேட்டா' என்று சொல்லிவிடுவேன். அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டாலும் விளக்கிச் சொல்லும் பொறுமை எனக்குக் கிடையாது.

ஆபீஸ் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே மாடியில் இருந்தது. கிணறு, ஊருணி, தொட்டி என்று தண்ணீர் கிடக்கிற இடத்தில் ஒரு கருவியை வைப்போம். அது பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை தண்ணீர் மட்டத்தை ஓர் எண்ணாகக் குறித்துக்கொள்ளும். சில வாரம் கழித்து அந்த எண்களை எடுத்து வந்து, படமாக வரைந்து, மேட்டுக்கும் பள்ளத்துக்கும் பெயர் எழுதி ரிப்போர்ட்டாகக் கொடுப்போம். வாங்கிக்கொண்டு போனவர்களில் ஒருவர்கூட அதைப் படித்ததில்லை என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன். கையில் வாங்கி, மேலும் கீழும் அசைத்து எடை பார்ப்பார்கள். கனமாக இருந்தால் நல்ல ரிப்போர்ட்.

ஆபீசில் இருந்ததே இரண்டு பேர். நான், முதலாளி. 'சார்' என்று கூப்பிடுவேன். மனசுக்குள் வேறு ஒரு பெயர் வைத்திருந்தேன், அதை இங்கே எழுத முடியாது. கண்டரமாணிக்கம் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, மஸ்கட்டில் பல வருடம் இருந்துவிட்டு வந்தவர். அங்கே தண்ணீர்க் கம்பெனியில் பெரிய வேலை என்பார். குழாய்க்குக் காவல் இருந்திருப்பார் என்பது என் ஊகம். சட்டைப் பையில் மூன்று பேனா இருக்கும், மூன்றும் எழுதாது. ஆயுத பூஜை அன்று ஸ்பைரல் பைண்டிங் போடும் மெஷினுக்குச் சந்தனம் பூசி, மாலை சாத்தி, சூடம் காட்டுவார். கம்ப்யூட்டருக்குப் போகிற போக்கில் ஒரு பொட்டு.

"படம் நெறைவா இருக்கணும்மா," என்பார். "பந்தியில எல போட்டா பச்ச தெரியக் கூடாதுல்ல, அது மாதிரி."

ஆரம்பத்தில் பெயர்களை எல்லாம் கையால்தான் போட்டுக்கொண்டிருந்தேன். படத்தின் மேல் ஒரு சின்னப் பெட்டி வரைந்து, அதற்குள் தட்டச்சு செய்து, மவுஸால் இழுத்துக்கொண்டு போய் மேட்டின் தலையில் உட்கார வைக்க வேண்டும். நாற்பது பெட்டி உட்கார வைத்து முடித்திருப்பேன். சார் வந்து, "கோட்ட கொஞ்சம் மேல தூக்கும்மா, எடுப்பா இருக்கும்," என்பார். கோடு நகர்ந்துவிடும், பெட்டிகள் நின்ற இடத்திலேயே நிற்கும். மேடு ஒரு பக்கம், பெயர் ஒரு பக்கம் என்று தொங்கும். மறுபடி நாற்பதையும் இழு. ஒரு நாள் தாங்க முடியாமல், "சார், நீங்களே உக்காந்து இழுங்க," என்று மவுஸை அவர் கையில் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பேட்டரி போட்டதா இது?" என்று கேட்டார்.

அந்தக் கோபத்தில்தான், பெயர்களைக் கம்ப்யூட்டரே போட்டுக்கொள்கிற மாதிரி ஸ்கிரிப்ட் எழுதக் கற்றுக்கொண்டேன். யூடியூபில்தான் படித்தேன். சொல்லிக் கொடுக்கிறவர்கள் ஒவ்வொருவரும் பத்து நிமிடம் தங்களைப் பற்றிப் பேசிவிட்டு, இரண்டு நிமிடம் விஷயத்தைச் சொல்லி, அதையும் தப்பாகச் சொன்னார்கள். மூன்று மாதம் அவர்களைத் திட்டிக்கொண்டே கற்றேன். விஷயம் என்னவோ சின்னதுதான். எண்கள் வரிசையாக நிற்கின்றன. ஓர் எண் தன் இடப்பக்கத்து எண்ணையும் வலப்பக்கத்து எண்ணையும் விடப் பெரிதாக இருந்தால் அது மேடு. இரண்டையும் விடச் சிறிதாக இருந்தால் பள்ளம். மேடு என்றால் அதன் தலைக்கு மேல் கிழமை, மணி, 'நிறைவு' என்ற சொல். பள்ளம் என்றால் அதன் காலுக்குக் கீழ் கிழமை, மணி, 'குறைவு' என்ற சொல். சொற்கள் இரண்டும் சார் தேர்ந்தெடுத்தவை.

முதல் முறை ஓட்டியபோது காற்றில் தண்ணீர் சிலிர்த்ததுகூட மேடாகிவிட்டது. தவளை குதித்தது மேடு, வாளி விழுந்தது பள்ளம். எழுத்தின் மேல் எழுத்து ஏறி, வெல்லத்தில் எறும்பு மொய்த்த மாதிரி படம் கறுத்துப்போய் நின்றது. கோடு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. சார் எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"இதான்மா ரிப்போர்ட்டு! இத்தன நாளா இத எங்க வச்சிருந்த?"

தலையில் அடித்துக்கொண்டேன். அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போன நேரத்தில் சரி செய்தேன். சுற்று வட்டாரத்தைவிட ஒரு சாணாவது எழுந்து நின்றால்தான் மேடு. ஒரு மேட்டுக்கும் அடுத்ததற்கும் மூன்று மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இன்னொரு கோளாறும் இருந்தது. உச்சியில் இரண்டு எண்கள் சமமாக நின்றுவிட்டால் இரண்டில் எதுவும் பக்கத்து எண்ணைவிடப் பெரிதில்லை என்று ஸ்கிரிப்ட் இரண்டையும் விட்டுவிடும். படத்திலேயே பெரிய மேடு பெயரில்லாமல் நிற்கும். அதையும் பிடித்துச் சரி செய்தேன். சார் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்து, "என்னம்மா, படம் மொட்டையாப் போச்சு?" என்று வருத்தப்பட்டார்.

சொல்ல வெட்கமில்லை, அந்த ஆபீசில் எனக்கு இருந்த ஒரே சந்தோஷம் அந்த ஸ்கிரிப்ட்தான். ஒரு பொத்தானைத் தட்டினால் கோடு ஓடி வரும், அதன் பின்னாலேயே பெயர்கள் ஒவ்வொன்றாகப் போய்த் தத்தம் மேட்டில் உட்காரும். கோட்டைத் தூக்கினாலும் இறக்கினாலும் கூடவே வரும். அதைப் பார்க்கும்போது இந்த ஊரில் எனக்கு மட்டும்தான் மூளை இருக்கிறது என்று தோன்றும். தலைக்கனம்தான். ஆனால் பக்கத்து நாற்காலியில் அப்படி ஒருவர் உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் தலைக்கனம் வராது?

போன சித்திரையில் ஒரு பாட்டில் தண்ணீர்க் கம்பெனி எங்களைத் தேடி வந்தது. மானகிரி தாண்டி உள்ளே ஒரு சின்ன ஊரில் இடம் வாங்கி, பெரிய போர்வெல் போட்டிருந்தார்கள். வேலையைத் தொடங்க வேண்டுமானால் 'ஆட்சேபணை இல்லை' என்று ஊர்க்காரர்கள் கையெழுத்துப் போட வேண்டும். கம்பெனி போரால் பக்கத்துக் கிணறுகளுக்குக் கெடுதல் இல்லை என்று படம் போட்டுக் காட்டினால் போட்டுவிடுவார்கள் என்பது அவர்கள் யோசனை. பத்து நாள், தினமும் காலை பத்திலிருந்து மாலை நாலு வரை கம்பெனி போர் ஓடும். பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் என்ன ஆகிறது என்று நாங்கள் அளந்து சொல்ல வேண்டும்.

அந்தப் பக்கத்துக் கிணறு ஓர் அக்காவுடையது. நாற்பத்தைந்து வயது இருக்கும். வீட்டுக்காரர் சிங்கப்பூரில் கட்டட வேலை. ஒரு ஏக்கரில் கத்திரியும் வெண்டையும் போட்டு, தினமும் காரைக்குடிக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். கருவி வைக்க நாங்கள் போன அன்று சாரிடம் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டார்.

"அளந்து என்ன வந்தாலும் உள்ளதச் சொல்லிருவீகளா சார்? கெணறு இருந்தாத்தேன் கத்திரிக்கா. கத்திரிக்கா இருந்தாத்தேன் எம்மக காலேசு பஸ்ஸுல ஏறுவா. எனக்கு வேற ஒண்ணும் கெடையாது."

"உள்ளதத்தேன் சொல்லுவோம்," என்றார் சார். அப்படியே பேன்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு கிணற்றுச் சுவரில் ஏறி உட்கார்ந்து, ஒரு இரும்புக் கம்பியைக் குறுக்கே போட்டு, நைலான் கயிற்றால் கருவியைக் கட்ட ஆரம்பித்தார். நல்ல வெயில். வயதுக்கு ஏற்ற வேலையா இது என்று நினைத்துக்கொண்டு நான் காரில் ஏசியைப் போட்டு மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். அக்கா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கண்ணாடியைத் தட்டினார்.

"கெணத்தப் பாக்க வரலியாத்தா?"

"வெயிலா இருக்குக்கா. நான் பாக்க வேண்டியதெல்லாம் கம்ப்யூட்டர்லயே வந்துரும்."

"கெணறு அதுக்குள்ள வருமாக்கும்?" என்று சிரித்தார். "நான் படிய எண்ணிப் பாக்குறதோட சரி. உள்ள எறங்குறதுக்குக் கல்லுப் படி வச்சிருக்குல்ல, காலைல எட்டிப் பாத்தா எத்தன படி தெரியுதோ அதுதேன் எனக்குக் கணக்கு. இன்னைக்கு நாலு படி தெரியுது."

படியை எண்ணுகிறாராம். நான் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுத்தேன். திரும்பி வரும் வழியெல்லாம் சார் அந்தக் கருவியைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். புதுசு, இப்படி, அப்படி என்று. என் ஒரு காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மறு காதுக்கு வந்ததுக்கு 'ம்' கொட்டினேன். மஸ்கட் கதைக்கும் அதே 'ம்'தான்.

எண்கள் வந்து சேர்ந்ததும் புதிதாக எதுவும் எழுதவில்லை. அதற்கு முன் ஓர் ஊருணிக்குப் போட்ட ஸ்கிரிப்டை எடுத்து, கோப்பின் பெயரை மட்டும் மாற்றி, பொத்தானைத் தட்டினேன். அவ்வளவு அழகான படம் அதுவரை வந்ததே இல்லை. தினமும் காலை பத்து வரை கோடு தரையோடு படுத்திருக்கும். பத்துக்கு மேல் ஏற ஆரம்பித்து, நாலு மணி வாக்கில் உச்சிக்குப் போய், பிறகு மெல்ல இறங்கிவிடும். பத்து நாளும் நூல் பிடித்த மாதிரி பத்து மேடு. ஒவ்வொன்றின் தலையிலும் 'நிறைவு'. எல்லாவற்றையும்விட உயரம் இரண்டாவது வாரத்துச் செவ்வாய்க்கிழமை மேடு. 'செவ்வாய், 3.40, நிறைவு' என்று அதன் தலையில் கிரீடம் மாதிரி உட்கார்ந்திருந்தது.

சார் வந்து பின்னால் நின்றார். வழக்கம் போல 'மொட்டையா இருக்கு' என்பார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. ரொம்ப நேரம் பார்த்துவிட்டுத் தாடையைச் சொறிந்தார்.

"ஏம்மா, பக்கத்துல அம்புட்டுப் பெரிய மோட்டாரு ஓடுறப்பவா கெணறு ரொம்பும்?"

ஆறு வருடத்தில் அந்த மனுஷன் கேட்ட ஒரே உருப்படியான கேள்வி. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சார், அது உங்கள மாதிரி கண்ண இடுக்கிப் பாத்துச் சொல்லல. கணக்குப் போட்டுச் சொல்லுது. வேணும்னா நீங்களே போட்டுப் பாத்துக்கங்க."

அவர் முகம் சுண்டிப்போனது கண்ணாடிக் கதவில் தெரிந்தது. "சரிம்மா. நீ படிச்ச புள்ள," என்று சொல்லிவிட்டு பைண்டிங் மெஷின் பக்கம் போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. சின்னச் சிரிப்புதான், ஆனால் இன்றைக்கும் அதை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

மறுநாள் கம்பெனி அதிகாரி வந்தான். சென்னையிலிருந்து வந்தவன், சட்டையை இஸ்திரி போட்டு உள்ளே விட்டு, வாயையும் இஸ்திரி போட்டு வைத்திருப்பான். படத்தைப் பார்த்ததும் துள்ளிக் குதிக்காத குறை.

"பார்த்தீங்களா சார்! நாங்க போர் போட்டதுல ஊற்றுக்கண்ணே திறந்துக்கிச்சு. நாங்க எடுக்க எடுக்க அவங்க கிணறு நிறையுது. ஊருக்கு நாங்க செய்யற உபகாரம் இது."

இப்படி ஓர் அறிவியலை நான் கேள்விப்பட்டதில்லை. காலேஜில் நான் படித்தது இயற்பியல். ஒரு டம்ளரில் இரண்டு ஸ்ட்ரா போட்டு ஒன்றில் உறிஞ்சினால் இன்னொன்றில் ஜூஸ் ஏறும் என்று சொல்கிறான், நானும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நம்பினேனா என்றால் இல்லை. மறுத்தேனா என்றால் அதுவும் இல்லை. இந்த முட்டாளும் அந்த முட்டாளும் பேசிக்கொள்கிறார்கள், நமக்கென்ன, யார் இதைப் படிக்கப் போகிறார்கள் என்று ஊற்றுக்கண் திறந்த கதையை ரிப்போர்ட்டில் ஒரு பத்தியாகத் தட்டிக் கொடுத்தேன். இலக்கணப் பிழை இல்லாமல் தட்டினேன்.

வைகாசியில் ஒரு சனிக்கிழமை காலை, அந்த ஊர்ப் பள்ளிக்கூட அறையில் கூட்டம் போட்டார்கள். முறுக்குப் பாக்கெட்டும் கம்பெனித் தண்ணீர் பாட்டிலும் ஆளுக்கு ஒன்று. கரும்பலகையை மறைத்து என் படத்தை ஆள் உயர ஃப்ளெக்ஸாக அடித்துக் கட்டியிருந்தார்கள். அதிகாரி சிவப்பு விளக்கால் மேடு மேடாகத் தொட்டுக் காட்டி, நிறைவு, நிறைவு, நிறைவு என்று வாசித்தான். ஆண்கள் முறுக்கைக் கடித்தார்கள். நான் முன்வரிசையில் உட்கார்ந்து, எழுத்து ஒன்றோடொன்று முட்டாமல் எவ்வளவு சுத்தமாக விழுந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கையெழுத்துத் தாளை எடுத்து மேசையில் வைத்தபோது அந்த அக்கா எழுந்தார்.

"கொஞ்சம் இருங்க சார். எனக்கும் எழுத்துக் கூட்டத் தெரியும். ஒரு நிமிசம் வாசிச்சுக்கிறேன்."

நேராக ஃப்ளெக்ஸுக்குப் போய், எல்லாவற்றையும்விட உயர்ந்த மேட்டின் தலையில் விரலை வைத்தார்.

"செவ்வாய். மூணு நாப்பது. நிறைவு. இது எந்தச் செவ்வாக்கெழம?"

"ரெண்டாவது வாரம்மா," என்றான் அதிகாரி.

அக்கா பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பினார். "பாரி போட்ட செவ்வாயா?"

அவர்கள் ஊர் அம்மன் கோயில் திருவிழாவுக்கு முளைப்பாரி போடுவது ஒரு செவ்வாய்க்கிழமை. பெண்கள் சட்டியில் மண்ணும் எருவும் நிரப்பி, விதை தூவி, தண்ணீர் தெளித்து வைப்பார்கள். வீட்டுக்கு வீடு அன்று தண்ணீர் வேண்டும். அந்த நாளை ஊரில் ஒரு பெண்ணும் மறக்க மாட்டாள்.

"ஆமா, அன்னைக்குத்தேன்," என்றது ஒரு குரல். அடுத்த நொடி அந்தப் பக்கம் முழுக்கச் சிரிப்பு.

"ஏன்டி, அன்னைக்கு ஒங்கெணறு ரொம்பிக் கெடந்துச்சாம்ல! அப்பறம் எதுக்குடி கொடத்தத் தூக்கிக்கிட்டுக் கோயில் கொழாயில வந்து நின்ன?"

"எங்கிட்டக்கூட ஒரு கொடம் வாங்குனாளே!"

அக்கா சிரிக்கவில்லை. "மூணரை மணிக்குச் சட்டி கழுவலாம்னு மோட்டாரப் போட்டேன் சார். தண்ணி ஏறல, காத்து வாங்கிருச்சு. என்னமோ ஏதோன்னு போயி எட்டிப் பாத்தா ஒம்பது படி தெரியுது. நான் வாக்கப்பட்டு வந்து இருவது வருசத்துல ஒம்பது படி பாத்ததில்ல. அங்குட்டு ஒங்க மோட்டாரு ஓடிக்கிட்டு இருந்துச்சு. இதுல நெறைவுன்னு எழுதிருக்கீக."

நாலு படி, ஒம்பது படி. தண்ணீர் இறங்க இறங்க அவர் கணக்கு ஏறும். அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. அதுவரை நாங்கள் பயன்படுத்திய கருவிகள் தண்ணீருக்கு அடியில் கிடக்கும், தன் தலைக்கு மேல் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று சொல்லும். எண் கூடினால் தண்ணீர் கூடியது. இந்தக் கருவியைச் சார் கிணற்றின் மேலே கம்பியில் கட்டினார். அது மேலே இருந்துகொண்டு, தண்ணீர் எவ்வளவு கீழே கிடக்கிறது என்று சொல்லும். எண் கூடினால் தண்ணீர் கீழே போய்விட்டது. காரில் பாட்டுக்கு நடுவே மறு காதில் விழுந்தது அப்போது ஞாபகம் வந்தது. "இது மேலருந்து கீழ பாக்குறதும்மா, மத்தது மாதிரி இல்ல." நான் 'ம்' என்றிருந்தேன். ஊருணி ஸ்கிரிப்டில் இரண்டு சொற்களை இடம் மாற்றியிருந்தால் போதும்.

அதிகாரி விடவில்லை. "உங்களுக்கு நாள் மறந்திருக்கும்மா. மனுஷங்க மறப்பாங்க, கம்ப்யூட்டர் மறக்காது. இந்த மேடம்தான் இதைப் போட்டவங்க. மேடம், நீங்களே சொல்லுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அக்காவும் பார்த்தார். விரல் இன்னும் அந்த மேட்டின் மேலேயே இருந்தது. தப்பு என்னுடையது என்று எனக்குத் தெரியும். இரண்டு சொல்லில் சொல்லிவிடலாம். அத்தனை பேர் முன்னால், படியை எண்ணுகிற ஒருத்தியிடம், முறுக்குத் தின்கிறவர்களிடம், மவுஸில் பேட்டரி தேடுகிறவரிடம் நான் தப்பு செய்தேன் என்று சொல்ல வேண்டும். வாய் வரவில்லை.

"கம்ப்யூட்டர் தப்பா எழுதாது சார்," என்றேன்.

பொய் இல்லை அது. நான் எழுதச் சொன்னதைத்தான் அது எழுதியிருந்தது. இப்படி ஒரு ஈனத்தனமான உண்மையை நான் அதற்கு முன்பும் சொன்னதில்லை, பின்பும் சொன்னதில்லை. அக்காவின் விரல் மெல்ல ஃப்ளெக்ஸை விட்டு இறங்கியது.

பின்வரிசையில் ஏதோ கடகடவென்று விழுந்தது. சார் எழுந்திருக்கிறார். பிளாஸ்டிக் நாற்காலி இடுப்போடு கூடவே எழுந்து கீழே விழுந்திருந்தது. சட்டைப் பையில் மூன்று பேனாவோடு முன்னால் வந்தார். எங்கே என்ன உளறப் போகிறாரோ என்றுதான் அந்த நிலையிலும் எனக்குத் தோன்றியது.

"அந்தப் பெட்டியக் கெணத்துக்கு மேலதான கட்டுனேன்," என்றார், யாரிடமோ சந்தேகம் கேட்கிறவர் மாதிரி. "மேலருந்து பாக்குற பெட்டி. அப்ப நம்பரு கூடுனா தண்ணி கீழ போச்சுன்னுதான அர்த்தம்?" பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "தப்பு நடந்துபோச்சுங்க. நெறைவுன்னு போட்ட எடமெல்லாம் குறைவு. இந்தம்மா சொல்றதுதேன் சரி. கம்பெனி போரு ஓடுன பத்து நாளும் இவுக கெணறு எறங்கிருக்கு. இந்த ரிப்போர்ட்ட நான் திருப்பி வாங்கிக்கிறேன்."

அதிகாரியின் முகம் கறுத்தது. "சார், நீங்க எங்களுக்காக வந்திருக்கீங்க. ஞாபகம் இருக்கட்டும்."

"அது சரிங்க சார். ஆனா தண்ணி கீழதான போயிருக்கு," என்றார் சார். வீராவேசமாக இல்லை, ஏதோ மன்னிப்புக் கேட்கிறவர் மாதிரித்தான் சொன்னார். பிறகு இன்னொன்றும் சொன்னார். "பொண்ணு மேல தப்பில்ல. பெட்டி புதுசு. இப்புடின்னு நான்தேன் அதுகிட்டச் சொல்லாம விட்டுட்டேன்."

சொல்லிவிட்டு, பெஞ்சின் மேல் ஏறி ஃப்ளெக்ஸின் முடிச்சுகளை அவரே அவிழ்த்தார். ஆள் உயரப் படம் அவர் தலைமேல் சரிந்து விழுந்தது. அதைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டார். யாரும் கையெழுத்துப் போடவில்லை. அந்தக் கம்பெனி பிறகு போரை மூடிவிட்டு வேறு எங்கோ இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டது.

நான் காரில் ஏறும்போது அக்கா அருகில் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அன்னைக்கு ஒரு தடவ எட்டிப் பாத்திருக்கலாமுல்ல ஆத்தா," என்றார். அவ்வளவுதான். சொல்லிவிட்டு வரப்பில் இறங்கிப் போய்விட்டார்.

சார் காரை எடுத்தார். மஸ்கட் கதை எதுவும் வரவில்லை. பின்சீட்டில் ஃப்ளெக்ஸ் சுருள் ஒவ்வொரு குழிக்கும் உருண்டு இடித்துக்கொண்டு வந்தது. மெயின் ரோடு தெரிகிற வரைக்கும் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை.

"சார், நீங்க சொன்னீக. அன்னைக்குக் கார்ல வாரப்பவே சொன்னீக. நான்தான் காதுல வாங்கல."

அவர் ரோட்டைப் பார்த்தபடியே கியரை மாற்றினார்.

"தெரியும்மா," என்றார்.

கொஞ்ச தூரம் போனதும், "காரைத் திருப்புங்க சார்," என்றேன். எதற்கு என்று கேட்காமல் திருப்பினார். மொட்டை வெயிலில் கத்திரிச் செடிகளுக்கு நடுவே நடந்து போனேன். செருப்பெல்லாம் முள். அக்கா தூரத்தில் குனிந்து காய் பறித்துக்கொண்டிருந்தார், நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். சார் கட்டிய இரும்புக் கம்பி இன்னும் அப்படியே குறுக்கே கிடந்தது, நைலான் கயிற்றில் ஐந்தாறு முடிச்சு. சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். கல் படிகள் ஒன்றன் கீழ் ஒன்றாகத் தண்ணீர் வரைக்கும் இறங்கின. விரலை நீட்டி, சத்தமாக எண்ணினேன். ஆறு படி தெரிந்தது.